சத்தம் வரும் பலகை

"மாமா, காபி."

மோனிகா இரண்டாவது முறையாகச் சொன்னாள். மாமனார் உமாபதி திரும்பவில்லை. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா... காபி!"

மூன்றாவது தடவை குரலில் சூடு ஏறியிருந்தது. அதற்கும் பதில் இல்லை. டம்ளரைப் பக்கத்து ஸ்டூலில் 'டங்'கென்று வைத்துவிட்டு அவள் திரும்பினாள். வைத்த வேகத்தில் பாதிக் காபி ஸ்டூலில் கொட்டியது.

அடுப்படியில் தோசை திருப்பிக்கொண்டிருந்த பச்சையம்மாள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"நான்தாம்மா... காலையில அவர்கிட்ட கொஞ்சம் வாய் சண்ட போட்டுட்டேன். அந்தக் கோவத்துல உக்காந்துகினு இருக்காரு. நீ மனசுல வெச்சிக்காதே."

"தெனமுமா அத்தே சண்ட?" மோனிகாவின் கண் கலங்கிவிட்டது. "நேத்து சக்கரை ஜாஸ்தியாயிட்ச்சி, காபி வேணாம்னீங்க. முந்தாநேத்து பேப்பர் படிக்கிறப்ப பேசினா புடிக்காதுன்னீங்க. என்னோட பேசக்கூடாதுன்னு நீங்க சொல்லி வெச்சிருக்கீங்க, அவரும் கேட்டுக்கினு இருக்காரு. அத நேரா என் மூஞ்சியப் பார்த்து சொல்லிடுங்களேன்!"

 பச்சையம்மாள் புடவைத் தலைப்பால் ஸ்டூலைத் துடைத்தாள். பிறகு சுற்றிப் போய் கணவனின் எதிரே நின்று டம்ளரை நீட்டினாள். அப்போதுதான் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "ஓ, காபியா?" என்று வீடே அதிரும்படி கேட்டார்.

மருமகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தமும் அவருக்குத் தெரியாது.

விஷயம் இவ்வளவுதான்: உமாபதிக்குக் காது கேட்காது. சுத்தமாகக் கேட்காது. வேலூரில் பார்த்த டாக்டரை விட்டால், உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் பச்சையம்மாள்.

நகரியில் எட்டுப் பவர்லூம் தறிகளுக்கு நடுவே முப்பத்தைந்து வருஷம் நின்ற மனுஷர் அவர். ஊரில் எந்தத் தறி மக்கர் செய்தாலும் மெக்கானிக்குக்கு முன்னால் உமாபதியைத்தான் கூப்பிடுவார்கள். வந்து நின்று, தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்பார். "இந்த எடத்துல பாரு" என்று விரலை வைத்தால் கோளாறு அங்கேதான் இருக்கும். மனுஷருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே அந்தக் காதுதான். அது போய்விட்டது என்று எந்த வாயால் சொல்லுவார், பாவம்!

காது மிஷினை ஒரு வாரம் மாட்டிப் பார்த்தார். பேச்சு விளங்கவில்லை, இரைச்சல் மட்டும் கேட்டது. கழற்றி டப்பாவில் போட்டு பீரோவின் அடித்தட்டில் வைத்தார். அன்றைக்கே மனைவியின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.

"சத்தியம் பண்ணு பச்சை. யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சுரேஷ்கிட்ட கூட. செவிடன்னு ஒரு வார்த்த என் முன்னால வந்துட்ச்சின்னா, அப்புறம் நான் இல்ல!"

சத்தியம் பண்ணினாள். பண்ணாமல் என்ன செய்வாள்?

நகரியில் இருந்தவரை அது பெரிய கஷ்டமாகவும் தெரியவில்லை. தறி வீடுகளில் எல்லோருமே கத்தித்தான் பேசுவார்கள். தறி ஓடும்போது யார் கூப்பிட்டாலும் யாருக்கும் காதில் விழாது. அதனால் அந்த வீட்டில் வாயால் கூப்பிடும் பழக்கமே இல்லை. தறி வரிசை நெடுக, நிற்பதற்கு, அடியில் மரச்சட்டம் கொடுத்து மரப்பலகை போட்டிருந்தது. அது அடுப்படி வாசற்படி வரைக்கும் வரும். அதன்மேல் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினால் இழை அறுந்தது என்று அர்த்தம், மூன்று தட்டினால் சாப்பிட வா. அடுப்படி வாசலில் பச்சையம்மாள் மூன்று தட்டுத் தட்டுவாள், எட்டாம் தறியில் நிற்கிற உமாபதியின் உள்ளங்காலுக்கு அது போய்ச் சேரும். "வர்றேன், வர்றேன்" என்று குரல் வரும். காது போன பிறகும் அந்தக் கணக்கு நிற்கவில்லை. முன்னைவிட அவருடைய கால் இன்னும் கூர்மையாகிவிட்டது.

இப்போது தறிகளை மச்சான் மகன் ஓட்டுகிறான். வரதய்யபாளையம் பக்கத்துக் கம்பெனியில் வேலையாக இருக்கும் மகன் சுரேஷ்பாபு, திருப்பதியில் திருச்சானூர் ரோட்டுப் பக்கம் வீடு கட்டுகிறான். முடிகிறவரை வாடகை வீடு. "இனிமே எங்களோடதான் இருக்கணும்" என்று இரண்டு பேரையும் அழைத்துவந்துவிட்டான். வந்து இரண்டு மாதமாகிறது. வாடகை வீட்டில் டைல்ஸ் தரை. அதில் குதித்தாலும் அடுத்த அறைக்கு ஒன்றும் போகாது. கூப்பிடு தூரத்தில் தாயார் கோயில் இருந்தும் பச்சையம்மாள் ஒரு நாள்கூடப் போய்ச் சேவிக்கவில்லை. அவள் வெளியே போனால் அவரிடம் பேச்சுக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவள் உதட்டசைவு ஒன்றுதான் அவருக்குப் பளிச்சென்று புரியும். மகன் எதிரே உட்கார்ந்து பேசினால் பாதி புரியும். மருமகள் மெல்லப் பேசுகிறவள், அவள் உதடு அசைவதே தெரியாது.

மோனிகாவின் மனசில் இருக்கிற முள் வேறு. அது மூன்று வருஷத்து முள்.

அவளும் சுரேஷும் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அவள் அப்பா ராம்ப்ரசாத், குடிபாலாவில் பள்ளிக்கூட வாத்தியார். வேற்று ஜாதியில் பெண்ணைக் கொடுக்கிறோமே என்று தயங்கித் தயங்கி நகரிக்கு வந்தார். எல்லாம் பேசி முடிந்தபோது, கண்ணில் தண்ணீரோடு கையைக் கூப்பி உமாபதியிடம் ஒரு வார்த்தை கேட்டார். உமாபதி அந்தச் சமயம் பார்த்து வெடுக்கென்று எழுந்து உள்ளே போய்விட்டார்! வந்தவர்கள் முகம் செத்துப்போனது. நான்காம் தறி நின்றுவிட்டது காலுக்குத் தெரிந்து அவர் எழுந்து போனார் என்பது பச்சையம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். சத்தியம் வாயைக் கட்டியது. கல்யாணமும் நிற்கக்கூடாது. ஒரே நொடியில் அவளுக்குத் தோன்றியது இதுதான்:

"சம்மந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. அவருக்கு ஒண்ணியும் இல்ல. எனக்குத்தான் இந்தச் சம்மந்தத்துல மனசு ஒப்பல, ராவெல்லாம் அவர்கிட்ட அழுதுகினு இருந்தேன். அந்த வேகத்துல எழுந்து பூட்டாரு. போகப் போக எனக்கும் சரியாயிடும்."

அவ்வளவுதான். பழி முழுசாக அவள் தலையில் இறங்கியது. கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து மருமகள் அவளிடம் மரியாதையாகத்தான் இருந்தாள். மரியாதை மட்டும்தான் இருந்தது.

புது வீட்டில் பூச்சு முடிந்து, கதவு ஜன்னல் வந்து, தரை மட்டும் பாக்கி. மாடிப் படுக்கையறையிலும் கீழ் ஹாலிலும் மரத்தரை போடவேண்டும் என்பது மோனிகாவின் ஆசை. மாமியார் தடுப்பாள் என்று எதிர்பார்த்திருந்தாள். வெள்ளிக்கிழமை தண்ணி ஊத்திக் கழுவ முடியாதே, கரையான் வருமே என்றெல்லாம் கேட்பாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தாள். பச்சையம்மாள் கேட்கவே இல்லை. "மரமா? நல்லதுதாம்மா. மரமே போடலாம்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மோனிகாவுக்கு அது புரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் கடைக்குப் போனார்கள். ரேணிகுண்டா ரோட்டில் பெரிய கடை. ஒவ்வொரு மரத்திலும் ஒரு கட்டில் அளவுக்குத் தரை போட்டு வைத்திருந்தார்கள், நடந்து பார்க்கலாம்.

"ரண்டி மேடம், ரண்டி! இதி சூடண்டி, ஓக்கு" என்று கடைக்காரர் ஆரம்பித்தார். தமிழ்க்காரர்கள் என்று தெரிந்ததும் தெலுங்கிலிருந்து பாதியில் மாறிக்கொண்டார். "மேல ஓக்கு, அடியில ஒட்டுப்பலகை, அதுக்கும் அடியில மெத்துனு ஃபோம் ஷீட்டு. மழைக்கு உப்பாது, வெயிலுக்கு விரியாது. முக்கியமா சவுண்டே ராது, வராது மேடம்! மேல பசங்க ஓடி ஆடினாலும் பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தெரியாது."

வெளிர் கோதுமை நிறத்தில் அழகான பலகை. மோனிகா குனிந்து கையால் தடவிப் பார்த்தாள். "இதுதாங்க..." என்று சுரேஷைப் பார்த்தாள். பெங்களூரில் அண்ணன் வீட்டில் பார்த்து வைத்த அதே நிறம்.

பச்சையம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதன்மேல் ஏறினாள். குதிகாலால் தொம்மென்று ஒரு போடு போட்டாள். பலகையின் மறுகோடியில், முதுகைக் காட்டிக்கொண்டு உமாபதி நின்றிருந்தார். அசையவில்லை.

"இது வேணாம்" என்றாள்.

"ஏன் அத்தே?"

"வேணாம்மா. வேற பார்க்கலாம்."

அடுத்தது தேக்கு. நல்ல பர்மாத் தேக்கு, கரையான் கிட்டே வராது, சிமெண்டுத் தரைமேல் பசை போட்டு ஒட்டுவது. பச்சையம்மாள் கணவனின் கையைப் பிடித்து அதன்மேல் நிறுத்தினாள். பின்னால் போய்க் குதிகாலால் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று! மனுஷர் சுவரில் தொங்கிய கலர் அட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார். இதுவும் வேண்டாம். மூங்கில் பலகையும் வேண்டாம், லேமினேட்டும் வேண்டாம். கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். ஒவ்வொரு பலகையிலும் ஒரு பொம்பளை ஏறிக் குதிப்பதைப் பக்கத்தில் வந்தவர்களெல்லாம் நின்று பார்த்தார்கள். மோனிகாவின் காது மடல் சிவந்துபோனது.

கடைசியில் மூலையில் பழைய தினுசு ஒன்று இருந்தது. கெட்டி வேங்கைப் பலகை. கீழே சட்டம் அடித்து, நடுவில் காலி விட்டு, மேலே பலகையை ஆணியால் இறக்கியது. ஆங்காங்கே சிவப்பும் பழுப்பும் ஓடிய மரம்.

பச்சையம்மாள் கோடியில் நின்று மெதுவாகத்தான் தட்டினாள்.

உமாபதி சட்டென்று திரும்பினார். "இன்னா பச்சை?" என்றார்.

பச்சையம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். "இதுதான்... இதையே போட்டுக்கலாம்" என்றாள்.

"அம்மா, இதி ஓல்டு மெத்தடம்மா" என்றார் கடைக்காரர். "கட்டை நல்ல கட்டைதான். சக்கரைக்காரங்க இதுல டம்ளர் கடைஞ்சி தண்ணி வெச்சி குடிப்பாங்க. ஆனா நடந்தா சவுண்டு வரும். ராத்திரி எழுந்து போனா கூட வீட்டுக்கே தெரியும்."

"வரட்டும். அதுக்குத்தான் கேக்கறேன்."

மோனிகா அதுவரை அடக்கிவைத்திருந்தது உடைந்துவிட்டது.

"புரிஞ்சிபோச்சி அத்தே! நல்லா புரிஞ்சிபோச்சி! நான் எத்தினி மணிக்கு எழுந்துக்கறேன், எந்த ரூமுக்குப் போறேன், யாரோட பேசிக்கினு இருக்கேன்... எல்லாம் உங்களுக்குக் கேட்டுக்கினே இருக்கணும். நான் ஆசப்பட்டது ஒரே ஒரு தரை. அதுலயும் எனக்குக் காவல் வெக்கணுமா?"

"ம்மா, அப்படியா?" என்றான் சுரேஷ். "சொல்லும்மா, வேற காரணம் இருந்தா சொல்லு. எதுக்கு சத்தம் வர்ற பலகை?"

பச்சையம்மாள் கணவனைப் பார்த்தாள். அவர் ஒன்றும் தெரியாமல் அந்தப் பலகைமேல் நின்று, காலால் லேசாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சின்னப் பிள்ளைக்கு வருகிற சந்தோஷம். இரண்டு மாதத்தில் இன்றைக்குத்தான் அந்த முகத்தைப் பார்க்கிறாள்.

"ஆமாம்ப்பா" என்றாள். "வீட்டுல யார் வராங்க போறாங்கன்னு தெரிஞ்சிக்கணும் எனக்கு. அப்படியே வெச்சிக்குங்க."

ஐயோ, அந்த ஒரு வார்த்தை! மோனிகா விறுவிறுவென்று கடையை விட்டு வெளியே நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் சுரேஷ் அம்மாவைத் தனியாக மொட்டை மாடிக்குக் கூப்பிட்டான். நேராக அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. கொடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டே பேசினான்.

"ம்மா, நீ கொஞ்ச நாள் தாட்சாயணி சித்தி வீட்ல இருந்துட்டு வா. கார்வேட்டிநகரம் இன்னா தூரமா? நைனா இங்கயே இருக்கட்டும்."

"அவர விட்டுட்டா?"

"அவர விட்டுட்டுதான். நீ பக்கத்துல இருந்தா அவரு வாயே திறக்கறதில்ல. எது கேட்டாலும் நீதான் பதில் சொல்றே. நீ ஒரு மாசம் இல்லாம இருந்தா அவரே மோனிகாவோட பேசுவாரு. அவ அழுதுகினே இருக்காம்மா... நான் இன்னா பண்ணட்டும் சொல்லு?"

பச்சையம்மாள் கொடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதம்! அவரைக் காலையில் யார் எழுப்புவார்கள்? குளியலறைக்குள் இருக்கும்போது வெளியே யாராவது கதவைத் தட்டினால் அவருக்கு எப்படித் தெரியும்? மூன்று பேர் இருக்கிற வீட்டில், யாரும் தன்னோடு பேசாமல், ஏன் என்றும் தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாரே! ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் தீர்ந்துபோகும். அந்த ஒரு வார்த்தையைத்தான் அவர் தன் தலைமேல் அவள் கையை வைத்துக் கட்டிப்போட்டிருக்கிறார்.

"சரிப்பா" என்றாள். "புதன்கிழமை போறேன்."

கணவனிடம், தங்கைக்கு உடம்பு சரியில்லை, பத்து நாளில் வந்துவிடுவேன் என்று உதட்டை அசைத்துச் சொன்னாள். அவர் அவள் உதட்டையே பார்த்தார். பிறகு, "நீ இல்லாம நான் எப்படி..." என்று ஆரம்பித்து, பக்கத்து அறைக்குக் கேட்டுவிடுமோ என்று பயந்து நிறுத்திக்கொண்டார்.

புதன்கிழமை காலை. புத்தூர் பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வழியில் புது வீட்டில் ஒரு வேலை. ஓக், வேங்கை இரண்டிலும் கடைக்காரர் கொடுத்திருந்த மாதிரிப் பலகைகளை ஆசாரி வேணு கடையில் இருந்தது போலவே ஹாலில் போட்டு வைத்திருந்தார். எது என்று இன்று சொன்னால் நாளை வேலை ஆரம்பிப்பார். நாலு பேரும் ஒரே ஆட்டோவில் போய் இறங்கினார்கள். சுரேஷும் வேணுவும் மாடி அளவைப் பார்க்க மேலே போனார்கள். உமாபதி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக ஜன்னலோரம் போட்டிருந்த வேங்கைப் பலகைமேல் போய் நின்றார். வெளியே தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பச்சையம்மாள் பையை வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே வரவும் மனசில்லாமல், போகவும் மனசில்லாமல் நின்றாள்.

மோனிகா மாமனாரின் பின்னால் நாலடி தள்ளிப் போய் நின்றாள். அத்தை ஊருக்குப் போகிறாள், இப்போதாவது பேசுவார் என்று நினைத்தாளோ என்னவோ.

"மாமா... ஒண்ணு கேக்கணும். திரும்ப வேணாம், அங்கயே பார்த்துக்கினு கேளுங்க. எனக்கும் அதுதான் வசதி." குரல் நடுங்கியது. "உங்களுக்கு என்மேல இன்னா கோவம்? மூணு வருஷமாச்சி. எங்கப்பா கையெடுத்துக் கும்பிட்டு கேட்டாரு, நீங்க எழுந்து போனீங்க. இன்னிக்கும் அதச் சொல்லி அழறாரு. எனக்கு உங்க காசு வேணாம், தறி வேணாம். 'மோனிகா, துன்னியாம்மா'ன்னு ஒரு வார்த்த கேட்டிருக்கீங்களா? நான் அவ்ளோ வேண்டாதவளா மாமா?"

உமாபதி மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் ஜன்னல் கட்டையைத் தடவினார்.

"சரி மாமா. இனிமே கேக்கவே மாட்டேன்!"

அவள் அழுதுகொண்டே வேகமாகத் திரும்பினாள். திரும்பிய வேகத்தில் அவளுடைய கால் வேங்கைப் பலகையின் ஓரத்தில் பட்டது. தொம், தொம், தொம். தடுமாறி மூன்று அடி வைத்தாள்.

உமாபதி அந்த நிமிஷமே திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு.

"வர்றேன் பச்சை, வர்றேன்! அதுக்குள்ள சோறு ஆயிட்ச்சா?"

திரும்பியவர் எதிரே மருமகளைப் பார்த்தார். கண்ணீர் வழிகிற முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றது.

"அடடா, இன்னாம்மா ஆச்சி? ஏன் அழறே? நீ எப்ப வந்தே இங்க?"

 மோனிகா அவரையே பார்த்தாள். பிறகு மெதுவாக அவரைச் சுற்றி முதுகுப் பக்கம் போய், "மாமா" என்றாள். கொஞ்சம் உரக்க, "மாமா!" என்றாள். அவர், இவள் எங்கே போகிறாள் என்று குழம்பி இன்னும் எதிர்ப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் குதிகாலால் பலகையை ஒரு தட்டுத் தட்டினாள். உடனே திரும்பினார்.

மோனிகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

 பச்சையம்மாள் வாசற்படியிலிருந்து ஓடிவந்தாள். "ஒண்ணியும் இல்லம்மா! அவருக்கு நாலு நாளா சளி... சளியில காது அடைச்சிக்கினு..."

"போதும் பச்சை!"

அவள் உதட்டைப் பார்த்துவிட்ட உமாபதியின் குரல் காலி ஹாலில் இடிபோல முழங்கியது. மேலே இருந்த சுரேஷ் படியில் தடதடவென்று இறங்கி வந்தான்.

"போதும். எனக்காக இன்னும் எத்தினி பொய்தான் சொல்லுவே நீ?" அவர் கண் நிறைந்துவிட்டது. மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். "எனக்குக் காது கேக்காதும்மா. நாலு வருஷமாச்சி. ஒண்ணியும் கேக்காது. இவளத்தான் என் தலைமேல கை வெச்சி சத்தியம் பண்ண வெச்சேன், சொல்லக்கூடாதுன்னு. செவிடன்னு எவனாவது சொல்லிடுவானோன்னு வெக்கம்! அந்த வெக்கத்த மறைக்க இவ பேரு கெட்டுப்போச்சி. எனக்குக் காதுதான் இல்ல, கண்ணு இருக்குதே... தெரியாம இல்ல. தெரிஞ்சும் கம்முனு இருந்தேன். நான்தாம்மா பாவி."

சுரேஷ் சுவரில் சாய்ந்துவிட்டான். வாசற்படியில் இருந்த பையைப் பார்த்தான். "ம்மா... நான் உன்னைப் போய்..."

மோனிகா தரையில் கிடந்த வேங்கைப் பலகையைப் பார்த்தாள். பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"அப்ப, சத்தம் வர்ற பலகை... எனக்குக் காவல் வெக்க இல்ல..."

"அவருக்கு யாராச்சும் வர்றது தெரியணுமேம்மா" என்றாள் பச்சையம்மாள். "நகரியில கால்லதான் கூப்புடுவேன். இங்க வந்ததுல இருந்து எதுவுமே அவருகிட்ட போய்ச் சேரல. தனியா ஆயிட்டாருடி, தங்கம்!"

"அத்தே!"

ஒரே பாய்ச்சலில் வந்து கட்டிக்கொண்டாள் மருமகள். "கடையில அத்தினி பேரு முன்னால உங்கள நான் இன்னா பேச்சு பேசினேன்! ஆமான்னு சொல்லிட்டு நின்னீங்களே அத்தே... ஏன் அத்தே, ஏன்?" என்று தோளில் முகத்தை வைத்துத் தேம்பினாள். பச்சையம்மாளும் அழுதாள். மூன்று வருஷமாக அழாமல் வைத்திருந்த அழுகை அது, நிறுத்தத் தெரியவில்லை.

அழுகை கொஞ்சம் அடங்கியதும் உமாபதி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லு. அன்னிக்கி உங்கப்பா என்கிட்ட ஏதோ கேட்டாரு. நாலாம் தறி நின்னுபோனது கால்ல தெரிஞ்சிது, எழுந்து பூட்டேன். திரும்பி வந்தப்ப எல்லாரு மூஞ்சியும் ஒரு மாதிரியா இருந்துச்சி. இவளக் கேட்டா ஒண்ணியும் இல்லன்னுட்டா. இன்னா கேட்டாரு?"

மோனிகா பச்சையம்மாளைப் பார்த்தாள். மூன்று வருஷமாக அந்தக் கேள்வியே இந்த மனுஷருக்குத் தெரியாது! கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். உதட்டை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

"எங்க பொண்ண... உங்க பொண்ணா... பார்த்துக்குவீங்களான்னு கேட்டாரு மாமா."

உமாபதி அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார். முகம் கோணிக்கொண்டு வந்தது.

"இதக் கேட்டவருக்கா பதில் சொல்லாம எழுந்து போனேன்?" என்றார். "போனப் போடு. இப்பவே போடு!"

"மாமா, போன்ல உங்களுக்குக் கேக்..."

"எனக்குக் கேக்கத் தேவையில்லம்மா. அவருக்குக் கேட்டா போதும்."

குடிபாலாவில் ராம்ப்ரசாத் "ஹலோ" சொன்னாரோ இல்லையோ, உமாபதி போனை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு, எட்டுத் தறி ஓடும் வீட்டில் பேசுகிற குரலில் கத்தினார்.

"சம்மந்தி! நகரி உமாபதி பேசறேன்! பார்த்துக்கறேன் சம்மந்தி! என் பொண்ணாவே பார்த்துக்கறேன்! அன்னிக்கி நீங்க கேட்டது என் காதுல விழல சம்மந்தி, எனக்குக் காது கேக்காது! என்னை மன்னிச்சிடுங்க!"

அதற்குள் மாடியிலிருந்து இறங்கி வெளியே கைகால் அலம்பப் போயிருந்த வேணு ஆசாரி ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றார். எதிர் வீட்டு ஜன்னல்கூடத் திறந்தது. செவிடு என்ற வார்த்தைக்குப் பயந்து நாலு வருஷம் ஒளிந்திருந்த மனுஷர், திருச்சானூர் ரோட்டுக்கே கேட்கும்படி அதைச் சொல்லி முடித்திருந்தார். போனில் பதில் வர நேரமாயிற்று. மோனிகா வாங்கிக் காதில் வைத்துக் கேட்டாள்.

"எங்கப்பா இன்னா சொல்றாரு அம்மா?" என்றார் உமாபதி. பதற்றத்தில் 'உங்கப்பா'வே மாறிவிட்டது.

மோனிகா அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள். "அழறாரு மாமா. வேற ஒண்ணியும் சொல்லல."

வேணு தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அம்மா, கட்டை எதுன்னு சொன்னா நான் வேலயப் பார்ப்பேன். ஓக்கா, வேங்கையா?"

"வேங்கை" என்றாள் மோனிகா. "சட்டம் அடிச்சி, அடியில காலி விட்டு. ஹாலு, ரூமு, அடுப்படி வாசல் வரைக்கும். எங்க மிதிச்சாலும் சத்தம் வரணும்."

கிருகப்பிரவேசம் முடிந்து வந்த இரண்டாவது வெள்ளிக்கிழமை, பச்சையம்மாள் தாயாரைச் சேவிக்கத் தனியாகக் கிளம்பினாள். வரிசை நீளம். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னவள் திரும்பும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. பழைய பயத்தில் காலில் தானாக ஓட்டம் வந்தது. மனுஷர் பசியோடு உட்கார்ந்திருப்பாரே, யாருக்குத் தெரியப்போகிறது என்று மூச்சு வாங்க வந்து கேட்டைத் திறந்தாள்.

உள்ளே அடுப்படி வாசலில், பலகைமேல் குதிகால் விழும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

"வர்றேம்மா, வர்றேன்!" என்றது ஹாலின் மறுகோடியிலிருந்து ஒரு பெரிய குரல். "பச்சை வந்துட்டாளா? அவ வரட்டும், சேர்ந்து துன்னலாம்!"

பச்சையம்மாள் கேட்டைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, குங்குமப் பிரசாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, அவசரமில்லாமல் உள்ளே போனாள்.